பூங்கா ஓரம் அடுக்குமாடி வருகிறதா? தகர வேலி ஏறும் முன்பே செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதை ஒட்டி, இடுப்பளவு புல்லும் ஆல்பீசியா மரங்களுமாக ஒரு நிலம். காலையில் நடக்கப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பூங்கா என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் அந்த நிலத்தைச் சுற்றித் தகர வேலி ஏறியது. அப்புறம்தான் கையெழுத்து, கடிதம், கூட்டம் என்று இரண்டு மாதம் அலைந்தோம். அந்த நிலம் பல ஆண்டுகளாகவே வரைபடத்தில் குடியிருப்பு நிலம் என்பதும், கட்ட அனுமதி கொடுத்தாகிவிட்டது என்பதும் கடைசியில்தான் தெரிந்தது. எங்கள் பேச்சுக்கு இடம் இருந்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பிறகு பூங்காவின் மறுபக்கத்து மனைக்கு ஒரு மாற்றம் முன்மொழியப்பட்டபோது முதல் வாரத்திலேயே இறங்கினோம். கட்டடத் திட்டம் நிற்கவில்லை. ஆனால் உயரமான கோபுரங்கள் பூங்கா ஓரத்திலிருந்து சாலைப் பக்கம் நகர்ந்தன. கார் நுழைவாயிலும் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்திலிருந்து மாறியது. முதல் தடவையும் அதே ஆட்கள்தான், அதே வாதங்கள்தான். இரண்டாம் தடவை நேரத்தோடு போனோம், அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் படிக்கும் நீங்கள் முதல் தடவையே நேரத்தோடு போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. முதலில் வரைபடம்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தை நாம் பேச்சில் யுஆர்ஏ என்போம். சிங்கப்பூரின் ஒவ்வொரு மனையும் எதற்குப் பயன்படலாம் என்று சொல்லும் பெருந்திட்டத்தை வகுப்பது அவர்கள்தான். யுஆர்ஏ ஸ்பேஸ் என்ற அவர்களுடைய இணைய வரைபடத்தில் புளோக் எண்ணையோ அஞ்சல் குறியீட்டையோ தட்டினால் உங்கள் வட்டாரம் வந்துவிடும். செலவு இல்லை, சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கும் தேவையில்லை.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மனையின் வகை. பூங்கா என்ற வகை வேறு, திறந்தவெளி என்ற வகை வேறு. குடியிருப்பு, ஒதுக்கீட்டு நிலம் என்பவையும் தனித்தனி. ஒதுக்கீட்டு நிலம் என்றால் என்ன பயன்பாடு என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் வரைபடத்தில் பூங்கா அல்ல. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். பெஞ்சும் நடைபாதையும் போட்டிருந்தாலும், அது அரசு நிலத்தில் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். மனை எல்லை எங்கே முடிகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, "விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது" என்ற குறிப்பு. குடியிருப்பு என்று போட்டு அருகில் இந்தக் குறிப்பு இருந்தால், எத்தனை மாடி, எங்கே சாலை என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. பேசுவதற்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது, மனைமேல் அச்சிட்டிருக்கும் 1.4, 2.1, 2.8 போன்ற எண். இதை பிளாட் ரேஷியோ என்கிறார்கள். அடுத்த பகுதி முழுக்க இதைப் பற்றித்தான்.

பார்த்த அன்றே திரையை அப்படியே படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) தேதியோடு சேமியுங்கள். முந்தைய பெருந்திட்டங்களையும் புரட்டி, மனையின் வகை எப்போது மாறியது என்று எழுதி வையுங்கள். நேற்று மாறியதா, இருபது ஆண்டுக்கு முன்பே இப்படித்தானா என்பதைப் பொறுத்து உங்கள் வாதமே வேறாகிவிடும்.

2. எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்

பிளாட் ரேஷியோ என்பது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தரைப்பரப்பு கட்டலாம் என்ற அளவு. 20,000 சதுர மீட்டர் மனை, எண் 1.4 என்றால் மொத்தம் 28,000 சதுர மீட்டர் கட்டலாம். எண் 2.8 ஆனால் 56,000.

வீடுகளின் எண்ணிக்கைக்கு வருவோம். மத்திய நகரப் பகுதிக்கு வெளியே கட்டப்படும் தனியார் அடுக்குமாடி, கொண்டோ திட்டங்களில், மொத்தத் தரைப்பரப்பை 85-ஆல் வகுத்தால் வருவதுதான் வீடுகளின் உச்ச எண்ணிக்கை. ஜனவரி 2019 முதல் இந்தக் கணக்கு நடப்பில் இருக்கிறது. நெரிசல் மிகுந்த சில வட்டாரங்களுக்கு 100-ஆல் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 28,000-ஐ 85-ஆல் வகுத்தால் 329 வீடு. 56,000 என்றால் 658 வீடு. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் வீடுகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.

உயரமும் இந்த எண்ணோடுதான் போகிறது. பொதுவாக 1.4 என்றால் 5 மாடி, 1.6 என்றால் 12, 2.1 என்றால் 24, 2.8 என்றால் 36 மாடி வரை. ஒரு மாடிக்கு 3.6 மீட்டர் என்று வைத்தால் 36 மாடி 130 மீட்டரை எட்டும்.

எங்கள் முதல் கடிதத்தில் "மிகப் பெரிய கட்டடம் வருகிறது" என்று எழுதியிருந்தோம். இரண்டாவது கடிதத்தில் "329 வீட்டுக்குப் பதில் 658 வீடு, இருக்கும் ஒரே இருவழிச் சாலையில்" என்ற பாணியில் எழுதினோம். இரண்டாவதற்குத்தான் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது.

3. விவகாரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுதான். கட்டம் தெரியாமல் எழுதும் கடிதம் தவறான மேசைக்குத்தான் போகும்.

வரைவுப் பெருந்திட்டக் கட்டம்: பெருந்திட்டம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். 2025-க்கான வரைவு ஜூன் 25, 2025 அன்று காட்சிக்கு வந்தது. 45 மேக்ஸ்வெல் ரோட்டில் இருக்கும் யுஆர்ஏ மையத்தில் அதை நேரில் பார்க்க முடிந்தது, மேக்ஸ்வெல் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் குரலுக்கு அதிகம் எடை இருக்கும் நேரம் இது. ஆனால் இந்த நேரத்தில் யாருக்கும் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அங்கே ஒரு செங்கல்கூட வந்திருக்காது.

தனி மனைத் திருத்தக் கட்டம்: ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரு மனைக்கு மட்டும் வகையையோ எண்ணையோ மாற்ற முன்மொழிவது உண்டு. அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். எதிர்ப்போ கருத்தோ எழுத இரண்டு வாரம்தான் பொதுவான அவகாசம். அறிவிப்பைப் பார்த்த அன்றே கடைசி நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். கட்டணம் இல்லை. வீட்டு உரிமையாளர்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை, வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம்.

நில விற்பனைக் கட்டம்: அரசாங்க நில விற்பனைப் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் வெளியாகிறது. உறுதிப் பட்டியலில் இருக்கும் மனை குறித்த காலத்தில் ஏலக்குத்தகைக்கு வந்துவிடும். ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பது, நிறுவனம் ஏதாவது விருப்பம் தெரிவித்தால்தான் விற்பனைக்கு வரும். உங்கள் பூங்கா ஓர மனை பட்டியலில் இருந்தால், விற்பனைக்கு முன்பே நிபந்தனைகளைப் பற்றி எழுதுங்கள். நுழைவாயில் எங்கே, எந்த மரங்களை விட்டு வைக்க வேண்டும், பூங்கா ஓரத்தில் உயரம் எவ்வளவு என்பதையெல்லாம் விற்பனை நிபந்தனையில் சேர்க்க முடியும். விற்ற பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

அனுமதிக் கட்டம்: நிறுவனம் விண்ணப்பித்து, நிலத்தின் வகைக்கும் எண்ணுக்கும் உட்பட்டுக் கட்டுகிறது என்றால், வகையைக் காட்டி எதிர்க்க முடியாது. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அக்கம்பக்கத்தாருக்கு அந்த உரிமை இல்லை. வேறு நாடுகளில் இருந்து வந்தவர்கள் இதை நம்பாமல் என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள், அதனால் அழுத்தியே சொல்கிறேன்.

மனைக்கு ஏற்கெனவே என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதை அதே யுஆர்ஏ ஸ்பேஸில் தேடிப் பார்க்கலாம். எழுத்துபூர்வ அனுமதி கிடைத்தபின் இரண்டு ஆண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது பொதுவாகக் காலாவதியாகிவிடும். பழைய அனுமதி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் தேதியைக் கவனியுங்கள்.

4. சான்று திரட்டுங்கள்

இரண்டு வாரத்தில் எல்லாம் முடியாது. எனவே ஆபத்து வாடை அடித்ததுமே தொடங்குங்கள்.

எங்கள் குழுவில் அதிகம் பயன்பட்ட தாள், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் எழுதிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஐந்து பள்ளி நாட்கள், காலை 6.45 முதல் 7.30 வரை, பூங்கா வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு வீதம் கணக்கெடுத்தார். சாலையைக் கடக்கும் பிள்ளைகள் ஒரு பத்தி, திரும்பும் கார்கள் ஒரு பத்தி, வேகத்தைக் குறைக்காமல் போன கார்கள் சிவப்பு மையில். மழை பெய்த வியாழக்கிழமைக்கு ஓரத்தில் "குடை, இருட்டு" என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலைத்தான் கடிதத்தோடு இணைத்தோம். நுழைவாயில் மாறியது அதனால்தான் என்று நான் நம்புகிறேன். பெரிய திட்டங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் போக்குவரத்துத் தாக்க ஆய்வு கேட்கும். அந்த ஆய்வு இந்த இடத்தையும் இந்த நேரத்தையும் எண்ணியதா என்று கேட்க நம் கையில் சொந்தக் கணக்கு வேண்டும்.

மரங்களைப் பற்றி: காலி நிலத்திலோ மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பொது வழியிலிருந்து எட்டக்கூடிய மரங்களைத் தையல் டேப்பால் அளந்து, படத்தோடு பட்டியல் போடுங்கள். வேலிக்குள்ளோ, நுழையக்கூடாது என்ற பலகை உள்ள இடத்திலோ காலை வைக்காதீர்கள்.

ஆல்பீசியாவை மட்டும் நம்பி வாதாட வேண்டாம். வெளியிலிருந்து வந்து வேகமாக வளர்ந்த மரம், கிளை முறிந்து விழும் ஆபத்து உண்டு என்று பதில் வரும், அதில் உண்மையும் இருக்கிறது. அந்த மரத்தை நம்பி வாழும் உயிர்களைப் பதிவு செய்யுங்கள். எங்கள் பட்டியலில் இருவாச்சி இருந்தது. வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னான் பறவை உங்கள் பகுதியில் பாடினால் அதைக் கட்டாயம் ஒலிப்பதிவு செய்யுங்கள். உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தப் பறவைக்குச் சிங்கப்பூர் ஒரு முக்கியப் புகலிடம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தேதியும் இடமும் தானாகப் பதிவாகும். சிங்கப்பூர் இயற்கைக் கழகத்துக்கும் எழுதுங்கள், அவர்களிடம் பழைய பதிவுகள் இருக்கலாம்.

இயற்கை வளம் மிகுந்த இடத்துக்கு அருகில் என்றால் சுற்றுச்சூழல் ஆய்வு நடந்திருக்கலாம். அறிக்கையை இணையத்தில் வெளியிட்டு, பெரும்பாலும் நான்கு வாரம் கருத்துக் கேட்பார்கள். டோவர் காட்டில் அப்படித்தான் நடந்தது. 33 ஹெக்டர் நிலம், 2003 முதல் குடியிருப்பு வகை. வீவக 2020 கடைசியில் ஆய்வறிக்கையை வெளியிட்டது, கருத்துக் காலத்தை நீட்டித்தது. ஜூலை 2021-இல் கிழக்குப் பாதியில் முதலில் வீடுகள், மேற்குப் பாதி இப்போதைக்கு அப்படியே என்று அறிவித்தார்கள். வகை மாறாத நிலத்திலேயே இவ்வளவு நடக்கும் என்றால், மாற்றம் கேட்கப்படும் நிலத்தில் இன்னும் பேசலாம்.

5. கடிதம்

இரண்டு பக்கத்துக்குமேல் வேண்டாம், இணைப்புகள் தனி. முதல் பத்தியில் மனை எங்கே, எந்த அறிவிப்பு, அறிவிப்பின் தேதி என்ன என்பதை எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்பது வர வேண்டும். அப்புறம் காரணங்கள், ஒன்றுக்கு ஒரு பத்தி.

என்ன கேட்கிறோம் என்பதைப் படிகளாக வைத்தது எங்களுக்கு உதவியது. "மனையின் எண்ணை 1.4-லிருந்து உயர்த்த வேண்டாம். உயர்த்தத்தான் வேண்டும் என்றால் பூங்காவை ஒட்டிய பகுதியில் 5 மாடிக்கு மேல் வேண்டாம். நுழைவாயில் பள்ளிச் சாலையில் வேண்டாம். இணைப்பில் எண்ணிட்ட மரங்களை வைத்துக்கொள்ளுங்கள்." முதல் கோரிக்கை போனாலும் மற்றவை நிற்கும். வெறுமனே "கட்டாதீர்கள்" என்று எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடலாம்.

எடுபடும் காரணங்கள்: சாலையின் கொள்ளளவு, பள்ளி நடைவழி, வடிகால், பூங்காவுக்குள் விழும் நிழல், உயிரினப் பாதை, சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்தோடு பொருந்தாமை, பெருந்திட்டம் அந்த வட்டாரத்துக்குச் சொன்ன நோக்கத்தோடு முரண்படுவது. எடுபடாதவை: என் வீட்டு விலை குறையும், என் சன்னல் காட்சி போகும், புது ஆட்கள் வருவார்கள். கடைசியாகச் சொன்னதை எழுதவே எழுதாதீர்கள். வரப்போகிறவர்களும் நம்மைப் போல வீடு தேடி அலைந்தவர்கள்தான். 2012-இல் தோ யீ டிரைவில் மூத்தோருக்கான ஸ்டூடியோ வீடுகளுக்கு எதிர்ப்பு கிளம்பியது. மாற்று இடங்களைக்கூடக் குடியிருப்பாளர்கள் முன்வைத்தார்கள், இருந்தும் வீடுகள் கட்டப்பட்டன. வீட்டுத் தேவையை மறுக்காமல், இங்கே எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பேசும் கடிதம்தான் நிற்கும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் அனுப்புவது நடைமுறைக்கு எளிது. ஆனால் உங்கள் புளோக்கில் இருக்கும் தாத்தா பாட்டிகள் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ சொன்னதை அவர்கள் சொன்னபடியே மொழிபெயர்த்துச் சேருங்கள். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தத்தம் அனுபவத்தைப் பத்து விதமாக எழுதுவது மேல்.

மின்னஞ்சலில் அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமியுங்கள். முதல் தடவை, நேரில் ஓர் அலுவலகத்தில் கொடுத்த எங்கள் கடிதம் எங்கே போனது என்றே தெரியவில்லை. முத்திரை போட்ட நகல் கையில் இல்லாததால் தேதியை நிரூபிக்க முடியவில்லை.

எங்கள் மொத்தச் செலவு, வண்ண நகல்களையும் சேர்த்து 40 வெள்ளிக்குள்.

6. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள்

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை வாரந்தோறும் மாலையில் சந்திக்கலாம், கட்டணம் இல்லை. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரம் போய் எண் வாங்குங்கள்.

முதல் முறை போனபோது நான் கால் மணி நேரம் பூங்காவின் அருமையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட தொண்டூழியர் கடைசியில் கேட்டார்: "சரிங்க அக்கா, எந்தத் துறைக்கு, என்ன கேட்டு எழுதணும்?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். யுஆர்ஏவுக்கு இரண்டு கேள்வி, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒன்று, தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கடைசி நாள் எது என்பதைத் தாளின் தலையிலேயே பெரிதாக எழுதுங்கள்.

7. சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பூங்காவில் பதாகையோடு கூடி நிற்க வேண்டாம். போலிஸ் அனுமதி இல்லாத பொதுக்கூட்டம் குற்றம், ஒரே ஒருவர் நின்றாலும் சட்டம் அதைக் கூட்டமாகக் கருதலாம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவு செய்துவிட்டு நடத்தலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை. உங்கள் தம்பியோ நண்பரோ வொர்க் பெர்மிட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்தூக்கியிலும் தூண்களிலும் அனுமதியின்றித் தாள் ஒட்டுவது பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவதற்கு எதிரான சட்டத்தின் கீழ் வரும். அறிவிப்புப் பலகையில் போட நகர மன்றத்திடமோ வசிப்போர் குழுவிடமோ கேளுங்கள்.

இணையக் கையெழுத்து மனு ஆதரவைக் காட்டும், ஆனால் அது சட்டப்படியான எதிர்ப்பு ஆகாது. இரண்டு வாரக் கெடுவுக்குள் தனிக் கடிதமும் போக வேண்டும்.

8. வழக்கு

அனுமதி கொடுத்த முறை சட்டப்படி தவறு என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்க வழி உண்டு. முடிவை ரத்து செய்யக் கேட்பதானால் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தின் முன் அனுமதியை நாட வேண்டும். கட்டடம் நல்லதா கெட்டதா என்பதற்குள் நீதிமன்றம் போகாது, முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் பொதுவாக நம் தலையில்தான் விழும். நாங்கள் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

9. அனுமதி வந்துவிட்டால்

வேலை தொடங்கும் முன் ஒப்பந்ததாரரின் தொடர்பாளர் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள், தள அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்தில், சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலை செய்யக்கூடாது. பொது விடுமுறைக்கும் இதே விதி. மீறினால் நேரம் தெரியும்படி காணொளி எடுத்துத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் புகார் செய்யுங்கள். வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட மரங்களைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பொது வழியிலிருந்து பாருங்கள். வேர்மேல் மண் குவித்திருந்தால் அன்றே தேசியப் பூங்காக் கழகத்துக்குப் படத்தோடு அனுப்புங்கள்.

எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் வையுங்கள்: வரைபடப் படங்கள், அறிவிப்பு, கடிதங்கள், வந்த பதில்கள், நோட்டு. எங்கள் கோப்பு இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. நில விற்பனைப் பட்டியல் வரும் ஜூனிலும் டிசம்பரிலும் நாங்கள் இருவரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, பூங்காவைச் சுற்றியிருக்கும் ஏழு மனைகளையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். இருபது நிமிடம் ஆகிறது.